வலிக்காத புண்ணைத்தான் கவனிக்க வேண்டும்

திண்டுக்கல் பூட்டுக்கு மட்டுமல்ல, சுருட்டுக்கும் பெயர்போன ஊர். வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. சுற்றுவட்டாரத்தில் விளையும் மெல்லும் புகையிலை வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு சேர்ந்து பல வாய்களுக்குப் போகிறது. அதை அடக்கி வைக்கும் இடம் பெரும்பாலும் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளம். இந்தியாவில் வாய்ப் புற்றுநோய் அதிகம் தலைகாட்டும் இடமும் அதுவே.

வாயில் வரும் எல்லாப் புண்ணும் பயப்பட வேண்டியதல்ல. உதட்டின் உள்பக்கமோ நாக்கின் ஓரமோ சிறு வட்டமாக, நடுவில் மஞ்சளும் சுற்றிலும் சிவப்புமாக வந்து, தண்ணீர் பட்டாலே எரிகிற சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரங்களில் தானாக ஆறிவிடும். 'சூடு' என்று சொல்லி மோரும் மணத்தக்காளிக் கீரையும் கொடுப்பது இதற்குத்தான். ஆரம்பநிலைப் புற்றுப்புண்ணோ பல நேரம் வலிப்பதே இல்லை. அதனாலேயே, 'வலிக்கலையே, பார்த்துக்கலாம்' என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே நோய் அல்ல. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், பல்செட்டை இரவிலும் கழற்றாதவர்களுக்கும் பூஞ்சைத் தொற்று வரும். அதன் வெள்ளைப் படிவு பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும், அடியில் சிவந்திருக்கும். துடைத்தும் வராத வெண்படலம்தான் புற்றுக்கு முந்தைய நிலையாக இருக்கக்கூடும். வெல்வெட் போலச் சிவந்த திட்டு அதைவிட ஆபத்தானது. இரு கன்னத்திலும் வலைப்பின்னலாக வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது வேறு நோய்; அதற்கும் தொடர் கண்காணிப்பு தேவை.

பாக்கு தரும் நோய் இன்னும் மெதுவானது. முதலில் காரம் பொறுக்காது. பிரியாணி ஒரு வாய் வைத்தாலே எரியும். பிறகு கன்னத்தின் உள்பக்கம் வெளிறி, நார்நாராக இறுகும். மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியாத அளவுக்கு வாய் சுருங்கும். 1952-ல் ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதைக் கண்டு எழுதினார். தமிழ்நாடு 2013-ல் குட்காவைத் தடை செய்தது. ஆனால், புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. பந்தியில் பாக்கு நீட்டும் பலருக்கு இது தெரியாது என்பதுதான் வருத்தம்.

பரிசோதனைக்கு டார்ச் வெளிச்சமும் கையுறையும் துணித்துண்டும் போதும். உதட்டைப் பிதுக்கி, கன்னத்தை விலக்கி, நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இருபுறமும் இழுத்து ஓரங்களைப் பார்ப்பார்கள். பிறகு நாக்கின் அடி, அண்ணம், கடைசியில் கழுத்தில் நெறிக்கட்டு. சில நிமிட வேலை. திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 13 பஞ்சாயத்துகளில் ஏழில் ஊர் ஊராகப் போய் இப்படித்தான் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் முடிவு வந்தது. புகையிலை விளையும் ஊரில் இந்த டார்ச் வெளிச்சம் வீடு வீடாக வர வேண்டும்.

கண்ணால் பார்ப்பது சந்தேகத்தை எழுப்பும். உறுதி செய்வது திசுப் பரிசோதனைதான். மரத்துப்போக ஊசி போட்டு, மிகச் சிறிய துண்டை வெட்டி எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயத்தில் இந்தக் கட்டத்தில் வீடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. துண்டு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் விட்ட மாதங்களில்தான் அது கழுத்து வரை போகிறது.