முன்சக்கரப் பிடிப்பும் மூன்று மாதச் சிறையும்

பச்சை விளக்கு எரிந்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறார் ஓட்டுநர். இன்ஜின் அலறுகிறது. முன் டயர்கள் புகையைக் கக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. அதற்குள் பக்கத்து வண்டி போய்விட்டது. ஸ்விஃப்ட், போலோ, ஹோண்டா சிட்டி என்று முன்சக்கரம் இழுக்கும் காரை டிராக் ரேஸுக்குக் கொண்டுவரும் இளைஞர்களுக்கு இது பழகிப்போன வேதனை. அதற்கு மருந்து தேடித்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார்கள். மருந்தும் கிடைக்கிறது. ஆனால் அந்தக் காரோடு மறுநாள் சாலையில் இறங்கினால் சட்டம் என்ன சொல்லும், இன்ஷூரன்ஸ் என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

டயர் ஏன் வழுக்குகிறது? 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்சக்கரங்கள் மீது 600 கிலோ, பின்சக்கரங்கள் மீது 400 கிலோ. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.5 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். பஸ் சடாரென்று கிளம்பினால் நிற்பவர்கள் பின்னால் சாய்கிறார்கள் அல்லவா, காரின் பாரமும் அப்படியே சாயும். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு முடுக்கத்தோடு கிளம்பினால் 100 கிலோ பின்னுக்குப் போய்விடும். இழுக்க வேண்டிய முன்சக்கரங்களில் மிஞ்சுவது 500 கிலோ. நல்ல சாலை டயர் ஏறத்தாழத் தன்மேல் உள்ள பாரத்தின் அளவுக்குத்தான் இழுக்கும். ஆகவே இந்தக் காரின் உச்ச வரம்பே அதுதான். டர்போ பொருத்தி இன்னும் நூறு குதிரைத்திறன் கூட்டினாலும் கிளம்பும் நொடியில் ஒரு பயனும் இல்லை.

அதனால்தான் விவரமறிந்தவர்கள் இன்ஜினை விட்டுவிட்டுப் பிடிப்பில் கைவைக்கிறார்கள். முதலில் மாறுவது டயர். கோடுகளே இல்லாத மென்மையான ஸ்லிக் டயரை மாட்டி, காற்றைக் குறைத்து, கிளம்புவதற்கு முன் சுழற்றிச் சூடேற்றுவார்கள். சூடேறினால்தான் அது தரையில் ஒட்டும். ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலாமல் இரண்டும் சேர்ந்து இழுக்க லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வரும். கிளம்பும்போது காரின் பின்பகுதி அமுங்குவதைக் குறைக்கப் பின்பக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்குவார்கள். டயர் தடதடவென்று துள்ளி ட்ரைவ் ஷாஃப்ட் முறியாமல் இருக்க இன்ஜின் மவுன்ட்டை இறுக்குவார்கள். பின் சீட்டைக் கழற்றி எடையைக் குறைப்பார்கள். பின்னால் ஒல்லி டயர் போடுவார்கள்.

டிராக் ரேஸ் ஓடும் 402 மீட்டர் நேர்கோட்டுக்கு இவை அத்தனையும் சரி. இதே கார் சாலைக்கு வந்தால் கதையே வேறு. ஆறிப்போன ஸ்லிக் டயருக்குப் பிடிப்பு கிடையாது. மழையில் தண்ணீரை வெளியேற்றக் கோடுகள் இல்லாததால் கார் நீரின் மேல் மிதந்து போகும். சாலையில் ஓடும் கார் டயருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் கோடு ஆழம் இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். காற்று குறைந்த டயர் நெடுந்தூர ஓட்டத்தில் சூடேறி வெடிக்கும். எனக்கு மிகவும் பயம் தருவது பின்பக்கம்தான். எடை குறைந்து, ஸ்பிரிங் விறைத்து, ஒல்லி டயரோடு நிற்கும் பின்பகுதி, வளைவில் பிரேக் அடித்த மாத்திரத்தில் பக்கவாட்டில் வீசிவிடும். வீசத் தொடங்கிய காரைத் திருப்பிப் பிடிக்கத் தேர்ந்த ஓட்டுநருக்கே நேரம் இருக்காது.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. எந்தப் பாகம் இதில் அடங்கும் என்று ஐயம் இருந்தால், பொருத்துவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்ற மெக்கானிக்கின் வாய்வார்த்தை நீதிமன்றத்தில் நிற்காது.

அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் 189-ஆம் பிரிவு. முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதம் ரத்தாகும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பந்தயத்துக்கும் வேகப் பரிசோதனைக்கும் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது என்று அதில் அச்சிட்டிருக்கும். செய்த மாற்றங்களைத் தெரிவிக்காமல் விட்டிருந்தாலும் சிக்கல்தான். ஆனால் பந்தயத்துக்கே போகாத கார் சிக்னலில் அடிபட்டு, ‘மாற்றம் செய்த வண்டி’ என்ற ஒரே காரணத்தால் கிளெய்ம் மறுக்கப்பட்டால் சும்மா இருக்க வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டால், இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் புகார் தரலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

காசு வாங்கிக்கொண்டு போலிப் பாகத்தைப் பொருத்திய ஒர்க்‌ஷாப் மீதும் வழி உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. பில் கையில் இருக்க வேண்டும். பில் தராத இடத்தில் காரை விடாதீர்கள்.

யாரோ நடத்திய பந்தயத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடப்பவருக்கும் உரிமை உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யச் சட்டம் தரும் காலம் ஆறு மாதம், தள்ளிப்போடாதீர்கள். பாலிசி நிபந்தனை மீறப்பட்ட பல வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. இடித்தவர் நிற்காமல் ஓடிவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

வேக ஆசை தவறில்லை. அமெரிக்காவில் தெருப் பந்தயக்காரர்களைப் பாதுகாப்பான களத்துக்கு அழைத்துவரத்தான் 1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். நமக்கும் அப்படி இடம் உண்டு. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் இருக்கிறது; தேசிய டிராக் ரேஸ் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. போட்டி லைசென்ஸ் வேண்டும், வண்டியைச் சோதிப்பார்கள், ஹெல்மெட் கட்டாயம், ஆம்புலன்ஸ் நிற்கும். உங்கள் சொந்த விபத்துக் காப்பீடு அங்கே செல்லுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

ஸ்லிக் டயர் மாட்டிய காரை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டு போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும் இறக்காதீர்கள்.