கப்பலுக்குப் பெயர், விமானத்துக்கு நம்பர்... விபத்துச் செய்தியை எப்படிப் படிக்கணும்?

துறைமுக ஊரான தூத்துக்குடிக்குக் கப்பல் செய்திகள் புதுசில்லை. 2025 மே மாதம் கொச்சி அருகே மூழ்கிய கப்பலை ‘எம்எஸ்சி எல்சா 3’ என்றுதான் சொல்கிறோம். கப்பலின் பெயரே விபத்தின் பெயர். ஆனால், அடுத்த மாதமே அகமதாபாத்தில் 260 பேரைப் பலிகொண்ட விமான விபத்துக்கு மட்டும் ஏன் ‘ஏஐ 171’ என்று நம்பர்?

அது எந்த நம்பர்?

அது விமானத்தின் நம்பர் இல்லை, பயணத்தின் நம்பர். நம்ம ரயில் எண் மாதிரி. அந்த விமானத்தின் பதிவு எண் ‘விடி-ஏஎன்பி’. ஒரே விமானம் பல ஊர்களுக்குப் பறக்கும் என்பதால், விபத்தில் சிக்கிய பயணத்தின் எண்ணே அடையாளமாகிறது. வாகைக்குளம் ஏர்போர்ட்டில் உங்க போர்டிங் பாஸில் இருப்பதும் இதே வகை எண்தான். பெரிய விபத்துக்குப் பிறகு அந்த எண்ணை நிறுவனங்கள் பெரும்பாலும் கைவிட்டுவிடும். ஏர் இந்தியாவும் சில நாட்களிலேயே 171-ஐ 159 என மாற்றியது.

கடலில் விழுந்தால்?

மக்கள் ஊர்ப் பெயரால் நினைவு வைக்கிறார்கள்: 2010 மங்களூரு, 2020 கோழிக்கோடு. கடலில் விழுந்தால் ஊர்ப் பெயரும் இல்லை. நம்மைப் போலவே முத்துக்குளிப்புக்குப் பேர்போன எதிர்க்கரை மன்னாருக்கு வடக்கே, 1998 செப்டம்பர் 29-ல் சுட்டு வீழ்த்தப்பட்டது ‘லயன் ஏர் 602’. யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிய அதில் 55 பேர் இருந்தார்கள். கடலடியில் சிதைவுகள் கிடைத்தது 2012-ல்தான்.

காரணத்தை யார் சொல்வது?

பெயரோ நம்பரோ காரணத்தைச் சொல்லாது. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி, 30 நாட்களுக்குள் முதற்கட்ட அறிக்கை வரணும். முடிந்தவரை ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை. நோக்கம், அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி போடுவதல்ல.

ஏஐ 171 முதற்கட்ட அறிக்கை ஜூலை 12-ல் வந்தது. இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் அடுத்தடுத்து ‘கட் ஆஃப்’ நிலைக்குப் போனதாக அது சொன்னது. ஏன் ஆஃப் செய்தாய் என ஒரு விமானி கேட்க, தான் செய்யவில்லை என்றார் மற்றவர். கேட்டவர் யார், சொன்னவர் யார் என்று அறிக்கை குறிப்பிடவில்லை. ஆனாலும் ‘விமானிதான் காரணம்’ என்று ஃபார்வர்டுகள் பறந்தன.

இறந்தவரால் பதில் சொல்ல முடியாது. அதனால் ஷேர் பண்ணும் முன் ஒரு வார்த்தையைத் தேடுங்க: அறிக்கை ‘முதற்கட்ட’மா, ‘இறுதி’யா?