பசியாறிய பிள்ளைக்குத்தான் பாடம் ஏறும்



"பசியாறியாச்சா?" காலையில் ஒருவரை ஒருவர் கண்டால் நாம் முதலில் கேட்பது இதுதானே? வருவோர் போவோரையெல்லாம் கேட்கும் நாம், பள்ளிக்குப் புறப்படும் நம் பிள்ளையை அப்படிக் கேட்கிறோமா?

என் வகுப்பில் ஒரு மாணவன். காலையில் கணக்குப் பாடம் தொடங்கியதும் மேசையில் தலை சாய்த்துவிடுவான். 'சோம்பேறி' என்று பல நாள் கடிந்துகொண்டேன். ஒரு திங்கட்கிழமை, சபைகூடலில் மயங்கி விழுந்தான். தெளிந்ததும், "காலையில் என்னப்பா சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். "தேத்தண்ணி, சார்" என்றான். விடியுமுன் அம்மா தொழிற்சாலை பஸ் ஏறிவிடுகிறார். அப்பா செம்பனைக் குலை வெட்டப் போய்விடுகிறார். தேத்தண்ணியை அவனே கலக்கிக் குடித்திருக்கிறான். பசியைப் போய்ச் சோம்பல் என்று நினைத்துவிட்டேனே!

இத்தனைக்கும் நானும் நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைதான். என் தாயார் இருட்டிலேயே பிரட்டுக்குப் போனவர். அவர் மூடி வைத்துவிட்டுப் போன வரக்காப்பியும் இரண்டு ரொட்டியும்தான் என் பசியாறல். பத்து மணி மணியடிக்கும்வரை வயிறு கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு, மறுநாள் பத்து மணி ஓய்வு வேளைவரை பதினான்கு மணி நேர இடைவெளி. வெறும் இனிப்புத் தேத்தண்ணி சற்று நேரம் தெம்பு தரும், பிறகு சோர்வுதான். அதோடு, உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை குறைக்கிறது. டின் பாலில் பாலைவிடச் சர்க்கரையே மிகுதி. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 30 பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். ஆகவே வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. எதனால் நிறைகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

அரசாங்கங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. நம் நாட்டில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான துணை உணவுத் திட்டம் 1979 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கி, 2023இல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அங்கே உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றிக் காய்கறிச் சாம்பாரோடு கொடுக்கிறார்கள். ஒரே உணவு பிள்ளைகளுக்குச் சலித்துவிடும் அல்லவா?

நம் வீட்டிலும் இப்படிச் செய்து பார்க்கலாம்:

திங்கள்: இட்லி, சாம்பார்.
செவ்வாய்: அவித்த பச்சைப்பயறு, தேங்காய்ப்பூ.
புதன்: கேரட், பயற்றங்காய் போட்ட ரவை உப்புமா.
வியாழன்: முருங்கைக்கீரைத் தோசை.
வெள்ளி: கொண்டைக்கடலைச் சுண்டல்.

சைவம் பார்க்காத நாளில் ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள். கூடவே ஒரு துண்டு பப்பாளியோ கொய்யாவோ இருந்தால், அது இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்க உதவும். முருங்கையும் பப்பாளியும் பலர் வீட்டு வேலியோரமே நிற்கின்றன; காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கடையில் வாங்கும் நாசி லெமாக் பொட்டலம் என்றாவது ஒரு நாளைக்கு இருக்கட்டும்.

"விடியுமுன் வேலைக்குப் போகும் நான் எப்போது சமைப்பது, சார்?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. பயறு, கடலை, முட்டை, இட்லி எல்லாவற்றையும் இரவே அவித்து, ஆறியதும் ஐஸ்பெட்டியில் வைத்துவிடலாம். காலையில் சூடுகாட்டினால் போதும். தேங்காய்ப்பூவை மட்டும் காலையில் சேருங்கள், இல்லையேல் கெட்டுவிடும். தந்தையர் வேடிக்கை பார்க்காமல் கைகொடுத்தால் வேலை பாதியாகும்.

மயங்கி விழுந்த அந்த மாணவன் வீட்டில் இப்போது பயறு ஊறவைப்பது அப்பாவின் வேலை. பையன் காலைக் கணக்குப் பாடத்தில் கையுயர்த்தி விடை சொல்கிறான்.

இன்றிரவே ஒரு கைப்பிடிப் பயற்றை ஊறப்போடுங்கள். நாளைக் காலையில் முதலில் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்: "பசியாறியாச்சா?"