பாய் விரிக்கும் சில்லு

தம்பிலுவில் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: ‘என்னிடம் இருப்பது பழைய ஃபோர் வீல் டபுள் கெப். நாலு டயரும் மொட்டை. கடைக்காரர் பல்லுப் பல்லாக இருக்கிற பெரிய சேற்று டயரைத்தான் போடச் சொல்கிறார். தினமும் கல்முனைக்குப் போய்வருவேன், போகத்துக்கு வட்டைக்குள் இறங்குவேன், ஆடியில் குடும்பத்தோடு உகந்தைக்குப் போவேன். எதைப் போட?’

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரி முதலாம் திகதி திறந்துவிட்டார்கள். ஆனால் வரியோடு சேர்த்து விலையை விசாரித்தவர்கள் வீடு திரும்பிப் பழைய கெப்பையே தடவிக்கொடுக்கிறார்கள். ஆகவே இது ஒருவருடைய கேள்வி மட்டுமல்ல.

பல்லுக்குப் பிறகு வருவோம், முதலில் உகந்தை மணல். மணலில் வாகனத்தைத் தாங்குவது பல் அல்ல, காற்று. இரண்டு தொன் வாகனம் என்றால் ஒரு சில்லின் தலையில் 500 கிலோ. உள்ளே 35 இறாத்தல் காற்று இருந்தால் நிலத்தில் பதியும் தடம் ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர். 18 இறாத்தலுக்கு இறக்கினால் அதே பாரத்தைச் சுமக்கத் தடம் இரட்டிப்பை நெருங்க வேண்டும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் முழுதாக இரட்டிக்காது. இதுவரை பள்ளிக்கூடக் கணக்கு. எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. தடம் எந்தப் பக்கமாகக் கூடுகிறது? அகலத்தில் என்றுதான் பலரும் சொல்வார்கள். அகலம் கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும், நீளம்தான் கூடும்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். சீமெந்துத் தரையில் நிறுத்தி, சில்லுக்கு முன்னால் ஒரு தாள், பின்னால் ஒரு தாள், பக்கங்களில் இரண்டு தாள், முட்டும்வரை செருகுங்கள். நான் செய்தபோது முன் தாளுக்கும் பின் தாளுக்கும் நடுவில் முக்கால் சாண் இருந்தது. தீக்குச்சியால் வால்வின் ஊசியை அமுக்கி, 18 வரும்வரை உஸ்ஸென்று காற்றை விட்டேன். முன்னும் பின்னும் இருந்த தாள்கள் டயருக்கடியில் நன்றாக மாட்டிக்கொண்டன. மாட்டிய அளவையும் கூட்டினால் ஒரு சாணும் மூன்று விரலும். பக்கத்துத் தாள்களை இழுத்தேன். சும்மா வந்துவிட்டன.

நீளம் கூடினால் என்ன லாபம்? மணலில் சில்லு எப்போதும் மேடு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. தான் புதைந்த பள்ளத்தின் முன்சுவர்தான் அந்த மேடு. புதைந்த ஆழம் எவ்வளவோ அவ்வளவு அதன் உயரம், டயரின் அகலம் எவ்வளவோ அவ்வளவு அதன் அகலம். எஞ்சினின் மூச்செல்லாம் அந்தச் சுவரைத் தள்ளுவதில்தான் போகிறது. தடம் நீண்டால் புதைவது குறையும். சுவர் பதிந்துபோகும், அகலவும் மாட்டாது. இன்னும் அகலமான டயர் வாங்கி அதே 35 இறாத்தலை அடித்தவருக்கோ தடத்தின் பரப்பு அவ்வளவாகக் கூடவில்லை, தள்ள வேண்டிய சுவர்தான் அகன்றது. அகல டயர் பார்க்கக் கம்பீரம்தான். மணலுக்குக் கம்பீரம் தெரியாது.

காற்றுக் குறைந்த டயர் என்பது கையில் பன்பாயோடு வரும் விருந்தாளி. முன்னால் பாயை விரிக்கும், அதன்மேல் நடக்கும், பின்னால் சுருட்டும், சுருட்டியதை மறுபடி முன்னால் விரிக்கும். கெப் டயரின் சுற்றளவு இரண்டரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு என்பதால் கிலோமீற்றருக்கு 400 தடவைக்கு மேல் இந்த விரிப்பும் சுருட்டலும் நடக்கிறது. எந்தப் பாய் இதைத் தாங்கும்? மடிகிற இடத்தில் கோரை நையும். டயரில் மடிகிற இடம் பக்கச்சுவர். இறப்பர் மடியும்போது வாங்கிய சக்தியை நிமிரும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை, மீதியை வெப்பமாக வைத்துக்கொள்ளும். மணலில் ஆமை வேகம், வெப்பம் ஆறிவிடும். அதே 18 இறாத்தலோடு ஏ4 வீதியில் 80இல் பறந்தால் பாய் தீய்ந்துபோகும், விருந்தாளி வாய்க்காலில் கிடப்பார்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1920களிலும் 30களிலும் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்ட் கார்களை ஓட்டித் திரிந்த ரால்ஃப் பக்னோல்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரிக்கு இந்தக் காற்றிறக்கும் வித்தையின் பெருமையைக் கொடுக்கிறார்கள். 1941இல் மணலின் இயற்பியலுக்கென்றே ஒரு புத்தகமும் எழுதினார். 1971இல் அப்பலோ 15 நிலவுக்குக் கொண்டுபோன வண்டிக்குக் கம்பி வலையில் பின்னிய சில்லு. காற்றில்லாத ஊரில் அதுவே பாய்.

இப்போது பல். சேற்று டயரின் பல்லிடைவெளி அகலமானது. சில்லு சுழலும்போது ஒட்டிய களிமண்ணை வீசியெறிந்து அடுத்த சுற்றுக்குச் சுத்தமாக வரும். மாரியில் வட்டைக்குள் இறங்கினால் அதன் அருமை தெரியும். காய்ந்த மணலில் அதே பல் அகப்பையாகிவிடுகிறது. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அள்ளியள்ளிப் பின்னால் போட்டு, வாகனத்துக்குத் தானே குழி தோண்டும். மழை நனைத்த காபட் வீதியிலோ நிலத்தைத் தொடுகிற இறப்பர் குறைவு என்பதால் பிரேக் பிடித்தால் தூரமாகப் போய் நிற்கும். அக்கரைப்பற்று தாண்டுமுன் இரைச்சலில் காது அடைத்துவிடும். தினமும் கல்முனை ஓடுகிறவருக்கு இது தண்டனை.

ஆகவே என் பதில் எல்லா நிலத்துக்குமான நடுத்தரப் பல் டயர். பக்கச்சுவர் உயரமானதாகப் பாருங்கள். 265/65ஆர்17 என்றால் சுவர் 172 மில்லிமீற்றர். அழகுக்காக 18 அங்குல ரிம் மாற்றி 265/60 போட்டால் 159 ஆகிவிடும், விரிக்க இருக்கிற பாய் அந்தளவு குட்டை. நெல் மூட்டை ஏற்றுவதால் பாரச் சுட்டெண்ணையும் பாருங்கள். 112 என்றால் ஒரு டயருக்கு 1120 கிலோ.

காசு மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டு மட்டும் புதிது போடாதீர்கள். ஃபோர் வீலைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே நுகத்தில் பூட்டப்படுகின்றன. ஆரையில் 6 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால், காகிதக் கணக்கில், கிலோமீற்றருக்குப் 15 மீற்றர் போல ஒரு சோடி மற்றதைவிடக் கூட நடக்க வேண்டும். மணல் வழுக்கி விட்டுக்கொடுக்கும். தார் விட்டுக்கொடுக்காது, பல்சில்லுகள்தான் முறுகும். தார் ரோட்டில் ஃபோர் வீலைக் கழற்றிவிடச் சொல்வதும் இதனால்தான்.

டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. பழைய சரக்குப் பளபளக்கும், இறப்பர் உள்ளே இறுகியிருக்கும். நைதரசன் அடிக்கிறோம் என்று தனிக்காசு கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் அதுதான்.

மிச்சம் பிடித்த காசில் ஓர் அமுக்கமானியும் பற்றரியில் ஓடும் பம்பும் வாங்குங்கள். பாணமை தாண்டிய காட்டுப் பாதையில் காற்றடிக்கும் கடையை எதிர்பார்க்க முடியாது.