‘குவாட்ரோஃபீனியா’ திரைப்படத்தில் காலவழுவும் முடிவின் ஐயப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

ஃபிராங்க் ராடம் இயக்கத்தில் 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘குவாட்ரோஃபீனியா’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் குறித்து இரு விவாதங்கள் நீண்டகாலமாக நிகழ்ந்துவருகின்றன. ஒன்று, அதன் கதைக்களம் 1964ஆம் ஆண்டுக்கு உண்மையாக அமைந்துள்ளதா என்பது. மற்றொன்று, இறுதியில் நாயகன் இறந்தானா, பிழைத்தானா என்பது. தனித்தனியே பேசப்படும் இவ்விரண்டும் ஒரே கதைகூறல் முறையிலிருந்து எழுவன என்பதையும், முன்னதற்குக் காணும் விடை பின்னதற்கும் வழிகாட்டும் என்பதையும் தமிழிலக்கண மரபின் வழு, வழுவமைதி என்னும் கருத்தாக்கங்களின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துணைப்பண்பாடு, காலவழு, வழுவமைதி, கதைக்களம், முடிவு, நினைவுகூர்தல்.

முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரித்தானியாவில் உழைக்கும் வர்க்க இளைஞரிடையே தோன்றிய துணைப்பண்பாடுகளுள் ‘மோட்’, ‘ராக்கர்’ என்னும் இரண்டும் குறிப்பிடத்தக்கவை. அளவெடுத்துத் தைத்த உடை, இத்தாலிய ஸ்கூட்டர், கறுப்பின அமெரிக்கரின் சோல் இசை ஆகியன மோட்களின் அடையாளங்கள். தோல் மேற்சட்டை, மோட்டார் சைக்கிள், ராக் அண்ட் ரோல் இசை ஆகியன ராக்கர்களின் அடையாளங்கள். 1964ஆம் ஆண்டின் விடுமுறை நாள்களில் கிளாக்டன், மார்கேட், பிரைட்டன் முதலிய கடற்கரை நகரங்களில் இவ்விரு குழுவினரும் மோதிக்கொண்டனர். ஸ்டான்லி கோஹென் 1972இல் வெளியிட்ட நூலும் டிக் ஹெப்டிஜ் 1979இல் வெளியிட்ட நூலும் இத்துறை ஆய்வுக்கு அடித்தளமிட்டவை. இம்மோதல்களைப் பின்புலமாகக் கொண்டு ‘தி ஹூ’ இசைக்குழு 1973இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் திரைவடிவமே ‘குவாட்ரோஃபீனியா’.

கதைச் சுருக்கம்

ஜிம்மி (ஃபில் டேனியல்ஸ்) லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தின் அஞ்சல் பிரிவில் பணிபுரியும் இளைஞன். மோட் குழுவே அவனுக்கு உலகம். நண்பர்களுடன் பிரைட்டன் சென்று ராக்கர்களுடன் மோதுகிறான். ஸ்டெஃப் என்னும் பெண்ணின் அன்பை ஒருபொழுது பெறுகிறான். கைதாகித் தண்டம் செலுத்துகிறான். லண்டன் திரும்பியபின் ஒவ்வொன்றாக இழக்கிறான். போதை மாத்திரைகளைக் கண்ட தாய் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறாள். வேலையை அவனே உதறுகிறான். ஸ்டெஃப் அவன் நண்பனுடன் சேர்கிறாள். அவனுடைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் அஞ்சல் வண்டியில் சிக்கி நொறுங்குகிறது. மீண்டும் பிரைட்டன் செல்லும் அவன், தான் வழிபாட்டுணர்வுடன் நோக்கிய மோட் தலைவன் (ஸ்டிங்) விடுதியொன்றில் விருந்தினரின் பெட்டி சுமக்கும் பணியாளனாக நிற்பதைக் காண்கிறான். அவனது வெஸ்பாவைக் கவர்ந்துகொண்டு பீச்சி ஹெட் என்னும் கடலோரச் செங்குத்துப் பாறை முனைக்கு விரைகிறான். ஸ்கூட்டர் பாறை விளிம்பைக் கடந்து வீழ்ந்து சிதறுவதுடன் கதை நிற்கிறது. ஜிம்மி காட்டப்படுவதில்லை.

வழுவும் வழுவமைதியும்

மரபிலக்கணம் காலத்தை மாற்றிக் கூறுவதை வழு என்கிறது. எனினும் எல்லா மாற்றமும் ஒரு தன்மையன அல்ல. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவை காரணமாக முக்காலமும் ஏற்குமிடத்துப் பிறழ்ந்துவரலாம் என நன்னூல் இசைகிறது. காரணமின்றிப் பிறழ்வது வழு. காரணத்தோடு பிறழ்வது வழுவமைதி. இவ்விதி வினைமுற்றுகளுக்கு உரியது. திரைப்படத்தின் கால அமைப்பிற்கு இதனை ஒப்புமை கருதியே இங்குக் கொள்கிறோம். பிறழ்ச்சியைக் கண்டவுடன் பிழையெனத் தள்ளாமல் அதன் காரணத்தை வினவச்செய்வதே இவ்வேறுபாட்டின் பயன்.

கதைக்களம் பற்றிய விவாதம்

இத்திரைப்படத்தின் காலப்பிறழ்ச்சிகள் மூவகைப்படும்.

முதல்வகை கவனக்குறைவால் நேர்ந்தவை. பிரைட்டன் தெருவில் மோதல் நிகழும்போது, 1978இல் வெளிவந்த ‘ஹெவன் கேன் வெயிட்’ படத்தின் பெயர் திரையரங்கு முகப்பில் காணப்படுகிறது. 1970களின் பிற்பகுதியில் உண்மையான தெருக்களில் படம்பிடித்ததன் விளைவு இது. இதற்குக் கலைநோக்கம் கற்பித்தல் பொருந்தாது. இது வழுவே.

இரண்டாம் வகை இசை சார்ந்தவை. ஜிம்மி தொலைக்காட்சியில் ‘தி ஹூ’ குழுவின் ‘எனிவே, எனிஹவ், எனிவேர்’ பாடலைக் கண்டு களிக்க, தந்தை அதனை எள்ளுகிறார். விருந்துக் காட்சியில் ‘மை ஜெனரேஷன்’ ஒலிக்கிறது. முன்னது 1965 மே மாதத்திலும் பின்னது அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலும் வெளியானவை. 1964இன் மோதலில் பங்குகொள்ளும் இளைஞன் இவற்றைக் கேட்டிருக்க இயலாது. ஆயினும் திரையரங்கு முகப்பைப் போல இவை தற்செயலாகச் சட்டகத்துள் நுழைந்தவை அல்ல, தெரிந்தே வைக்கப்பட்டவை. ஓர் இளைஞனின் இரண்டாண்டு வாழ்வு நினைவில் ஒரு பருவமாகச் சுருங்கும்போது, எப்பாடல் எம்மாதத்தில் வந்தது என்னும் வரிசை கலைந்து, எப்பாடல் தன்னைத் தனக்கு உணர்த்தியது என்பதே எஞ்சும்.

மூன்றாம் வகையே விவாதத்தில் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டது. நீதிமன்றக் காட்சியில் நடுவர் இளைஞர்களை இழித்துரைக்கும் சொற்கள், 1964இல் மார்கேட் நீதிமன்றத்தில் கூறப்பட்டு நாளிதழ்களால் நாடெங்கும் பரவியவை. அதே காட்சியில் மோட் தலைவன் தனக்கு விதிக்கப்பட்ட 75 பவுண்டு தண்டத்தைக் காசோலையாகத் தர முன்வருகிறான். நீதிமன்றம் சிரிப்பில் மூழ்குகிறது. இதற்கும் மூலம் மார்கேட் நிகழ்வே. அங்கும் ஓர் இளைஞன் 75 பவுண்டைக் காசோலையாகத் தருவதாகக் கூறினான். மோட்கள் செல்வச் செழிப்பில் திளைப்பவர் என்பதற்குச் சான்றாக இதழ்கள் அதனைப் பரப்பின. ஆனால் அவ்விளைஞனிடம் அத்தொகையோ வங்கிக் கணக்கோ இல்லை என்பதையும், அது வெறும் வீறாப்பே என்பதையும் கோஹென் எடுத்துக்காட்டுகிறார்.

ஆகவே திரைப்படம் மார்கேட்டின் நிகழ்ச்சியைப் பிரைட்டனுக்கு இடம்பெயர்க்கிறது. அதனினும் மேலாக, நடந்ததை விடுத்து நடந்ததாகப் பரவியதைக் காட்டுகிறது. அதில் வரும் பிரைட்டன், இதழ்களும் அவற்றைப் படித்துப் பெருமிதம் கொண்ட இளைஞர்களும் சேர்ந்து படைத்த பிரைட்டன். கதையின் பிற்பகுதி இத்தொன்மத்தைத் தானே உடைக்கிறது. காசோலை நீட்டிய வீரன் பெட்டி சுமக்கும் பணியாளன் என்பது வெளிப்படும்போது, மார்கேட் இளைஞனைப் பற்றிய உண்மையும் அவ்வுருவில் திரும்பிவருகிறது. முன்னர்க் கட்டியதைப் பின்னர்த் தகர்ப்பதற்காகவே இப்பிறழ்ச்சி அமைந்துள்ளது என்பதால் இது வழுவமைதியின்பாற்படும்.

முடிவு பற்றிய விவாதம்

முடிவினை இருவகையாகப் பொருள்கொள்வர். ஜிம்மி ஸ்கூட்டருடன் வீழ்ந்து மாண்டான் என்பர் ஒருசாரார். தொடர் இழப்புகள், போதை மாத்திரை, விளிம்பை ஒட்டிய வெறிகொண்ட ஓட்டம் ஆகியன இவர்க்குச் சான்றுகள். ஸ்கூட்டரை மட்டுமே வீழ்த்தினான் என்பர் மற்றொரு சாரார். வீழும் ஸ்கூட்டரின்மீது ஆள் காணப்படாமை இவர்க்குச் சான்று.

இறுதிக் காட்சியை மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. தீர்வுக்கான சான்று படத்தின் தொடக்கத்தில் உள்ளது. கடலும் பாறை முனையும் பின்னணியாக, சாயும் கதிரவன் ஒளியில், ஜிம்மி விளிம்பிலிருந்து நம்மை நோக்கித் தனியே நடந்துவருகிறான். ஸ்கூட்டர் இல்லை. இதனையடுத்தே லண்டன் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டும் ஜிம்மியுடன் கதை தொடங்குகிறது. கதைக்குள் அவன் அம்முனைக்குத் தனியே வருவது இறுதிப் பயணத்தில் மட்டுமே. எனவே தொடக்கக் காட்சி இறுதிக்குப் பின் நிகழ்வது. பின் நிகழ்வது முன் வைக்கப்பட்டுள்ளது.

தொடக்கக் காட்சி மனநிலையைக் குறிக்கும் ஒரு படிமமே; கதைநிகழ்ச்சி அன்று எனச் சிலர் மறுக்கலாம். இம்மறுப்பிற்கு மூல இசைத்தொகுப்பு விடை தருகிறது. அத்தொகுப்பின் முதற்பகுதியில் அலையோசையினூடே பின்னர் வரவிருக்கும் பாடல்களின் துணுக்குகள் கேட்கின்றன. அதனுடன் பீட் டவுன்ஷெண்ட் எழுதிய கதைக்குறிப்பு ஜிம்மியின் தன்மைக் கூற்றாக அமைந்தது. படகு கைவிட்டுப் போக, கடல் நடுவே ஒரு பாறையில் மழையில் நனைந்தவாறு அவன் நடந்தவற்றை எண்ணிப்பார்க்கிறான். அதாவது, மூலத்திலேயே கதை முழுவதும் கடலருகே நின்று பின்னோக்கிக் கூறப்படுவது. திரைப்படம் கடற்பாறையைக் கரைமுனையாக மாற்றியபோதும் இவ்வமைப்பைக் கைவிடவில்லை. தொகுப்பில் ஜிம்மி மீண்டானா என்பது கூறப்படவில்லை. திரைப்படமோ அவன் மீண்டு நடப்பதைக் காட்டிவிட்டே தொடங்குகிறது.

இங்கு இரு விவாதங்களும் ஒன்றுகூடுகின்றன. 1965இன் பாடல் 1964இல் ஒலிப்பதற்கும் மார்கேட்டின் காசோலை பிரைட்டனில் நீட்டப்படுவதற்கும் எக்கதைகூறல் முறை காரணமோ, அதுவே இறுதியை முதலில் வைத்ததற்கும் காரணம். இது நிகழ்வின் வரிசையில் செல்லும் கதையன்று. நினைவின் வரிசையில் செல்வது. நினைவுகூர்தலுக்கு நினைவுகூர்வோன் ஒருவன் எஞ்சியிருத்தல் வேண்டும்.

எஞ்சும் ஐயம்

ஜிம்மி உயிருடன் மீண்டான் எனக் கொள்வதால் முடிவு தெளிவாகிவிடுவதில்லை, ஐயம் இடம்பெயர்கிறது. அவன் திரும்பி நடக்கும் திசையில் வீடு இல்லை, வேலை இல்லை, காதலி இல்லை, குழு இல்லை. அவன் வீழ்த்திய வெஸ்பாவும் அவனுடையதன்று. தான் ஆக விரும்பிய ஒருவனுடையது. பெட்டி சுமக்கும் வாழ்வைத் தலைவன் பணிநாள்களில் ஏற்று, விடுமுறையில் வேறொருவனாக வாழ்ந்தான். அவ்விரட்டை வாழ்வை ஜிம்மியால் ஏற்க இயலவில்லை. இனி அவன் அதனை ஏற்பானா, வேறு வழி காண்பானா என்பதைப் படம் கூறவில்லை. இறப்பென்று முடிப்போர் இக்கடினமான வினாவிலிருந்து எளிதில் விடுபட்டுவிடுகின்றனர் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

நிறைவுரை

‘குவாட்ரோஃபீனியா’வின் காலப்பிறழ்ச்சிகளுள் தற்செயலானவை வழுவெனத் தள்ளத்தக்கன. இசையிலும் நீதிமன்றக் காட்சியிலும் அமைந்தவை, நினைவாகவும் தொன்மமாகவும் மாறிய ஒரு பருவத்தைக் காட்டுவதால் வழுவமைதியாகக் கொள்ளத்தக்கன. இக்கால அமைப்பை ஏற்கும்போது, தொடக்கக் காட்சியே கதையின் இறுதி நிகழ்வு என்பது புலனாகிறது. ஜிம்மி பிழைத்தான் என்பது படத்துள்ளேயே பெறப்படும் செய்தி. எங்ஙனம் வாழ்ந்தான் என்பதே படம் விடைதராது நிறுத்தும் வினா.