கொட்டகை மறைந்தது, கட்டிடம் நின்றது



நம் வீட்டுப் பெரியவர்கள் திரையரங்கைச் ‘சினிமாக் கொட்டகை’ என்றே சொல்லிப் பழகியவர்கள். குளிரூட்டிய கட்டிடமாக இருந்தாலும் அவர்கள் வாயில் அது கொட்டகைதான். கொட்டகை என்பது கீற்று வேய்ந்த பந்தல். தமிழகத்தில் படக்காட்சி முதலில் கூடாரத்திலும் கீற்றுப் பந்தலிலும்தான் குடியிருந்தது என்னும் வரலாற்றை அந்த ஒரு சொல் இன்றும் சுமந்து நிற்கிறது.

படம் பார்ப்பது தகுமா, தகாதா என்பது வேறு விவாதம். அதை இங்கே எடுக்கவில்லை. அந்தப் பந்தல் எப்போது செங்கல் கட்டிடமாயிற்று, அவ்வாறு எழுந்த முதல் கட்டிடங்களின் கதி என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள். பழைய கட்டிடங்களை வைத்திருக்கும் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

இரவல் இடத்தில் தொடக்கம்

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். ஏழு மாதம் நிறைவதற்குள், 1896 ஜூலை 7 அன்று, பம்பாயின் வாட்சன் ஓட்டலில் அதே காட்சி நடைபெற்றது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சென்னையும் அதைக் கண்டது. சென்ட்ரல் நிலையத்துக்கு அருகிலுள்ள விக்டோரியா பொது மண்டபம் அதற்கு இடம் கொடுத்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் நடத்திய மண்டபம் அது. ஆகவே சென்னையில் படக்காட்சி நாடகத்தின் வீட்டில் விருந்தாளியாகவே நுழைந்தது.

ஊர்ப்புறங்களுக்கு அதை எடுத்துச் சென்றவர்களுள் தலையாயவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905ஆம் ஆண்டு டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம் வழியாகத் தெற்கே இறங்கிய தென்னிந்திய ரயில்வேயின் பிரதான பாதை அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. கூடாரமும் இயந்திரமும் ரயிலேறிச் செல்லக்கூடிய காலம் அது. ஒரு நிலையத்தில் இறங்கி, சில வாரங்கள் காட்டி, கூட்டம் குறைந்ததும் அடுத்த ஊருக்குச் செல்வது கூடாரக்காரர்களின் வழக்கம்.

பெயரிலேயே மின்சாரம்

சென்னையில் 1911ஆம் ஆண்டு கிளக் என்னும் ஐரோப்பியப் பெண்மணி பிராட்வேயில் ‘பயாஸ்கோப்’ என்ற காட்சிக்கூடத்தைத் திறந்தார். அது சில மாதங்களே நீடித்தது. பின்னர் 1913இல், வார்விக் மேஜர் என்பவர் மவுண்ட் ரோட்டில் ‘எலெக்ட்ரிக் தியேட்டர்’ கட்டினார். படம் காட்டுவதற்கென்றே சென்னையில் நிலையாகக் கட்டப்பட்ட முதல் அரங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் குறிப்பிடுவது இதைத்தான்.

அந்தப் பெயரின் பெருமை இன்று நமக்கு எளிதில் விளங்காது. சென்னைக்கு மின்சாரம் வந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பெரும்பாலான வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அக்காலத்தில் மின்சாரம் என்ற சொல்லே கூட்டத்தை இழுக்கும் விளம்பரம்.

ஆனால் கட்டிடம் எழுப்பியதற்கு விளம்பரத்துக்கும் மேலான காரணம் இருந்தது. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. தீப்பற்றினால் அணைப்பது அரிது. கீற்றுப் பந்தலுக்குள், கொதிக்கும் விளக்கின் முன்னால் அந்தச் சுருள் ஓடியது என்று எண்ணிப் பாருங்கள்! இயந்திரத்துக்குத் தனியறை, அகலமான வாசல்கள், தீப்பிடிக்காத சுவர் ஆகியவை மக்களின் உயிரைக் காக்கும் ஏற்பாடுகள். 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம் காட்சியிடங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று விதித்ததும் இந்தப் பாதுகாப்பைக் கருதியே.

இரண்டு ஆண்டும் ஒரு நூற்றாண்டும்

எலெக்ட்ரிக் தியேட்டர் படம் காட்டியது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 1915இல் அது மூடப்பட்டது. அஞ்சல் துறை அந்த இடத்தை வாங்கிக்கொண்டது. இன்றைய அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்தில் அந்தப் பழைய அரங்கம் நிலைத்தது. அஞ்சல்தலைச் சேகரிப்போருக்கான பிரிவு அதில் இடம்பெற்றது. இரண்டாண்டு படக்காட்சிக்காகப் பிறந்த கட்டிடம் ஒரு நூற்றாண்டைக் கடந்து வாழ்ந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தவற்றின் கதையையும் பாருங்கள். 1914இல் ரகுபதி வெங்கையா சென்னையில் ‘கெயிட்டி’ திரையரங்கைக் கட்டினார். இந்தியர் ஒருவர் சென்னையில் எழுப்பிய முதல் திரையரங்கு அது. பல தலைமுறைகள் கூட்டம் கண்டது. இன்று அது இல்லை. அதே 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடார வாழ்வை முடித்துக்கொண்டு கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ கட்டினார். பின்னாளில் ‘டிலைட்’ என்ற பெயரில் அது நெடுங்காலம் நடந்தது. அங்கும் காட்சி நின்றுவிட்டது. வெரைட்டி ஹால் ரோடு என்னும் தெருப்பெயர் மட்டும் மிஞ்சியது.

புகழோடு ஓடிய அரங்குகள் மறைந்தன. இரண்டாண்டில் தோற்ற அரங்கம் நின்றது. காரணம் எளியது. அதற்கு உடனே வேறொரு வேலை கிடைத்தது. அன்றாடம் கதவு திறந்து, விளக்கேற்றி, கூட்டிப் பெருக்கும் கட்டிடம் எளிதில் விழுவதில்லை. பூட்டிக் கிடக்கும் கட்டிடத்தின் கூரையில் முதலில் ஆலஞ்செடி முளைக்கும். பிறகு சுவர் விரியும். அதன்பின் மனைக்கு விலை பேசுவோர் வந்துவிடுவர். பள்ளிவாசலுக்கு அருகில் பயனின்றிக் கிடக்கும் பழைய மதரஸாக் கட்டிடத்துக்கும், முற்றம் வைத்த பூர்வீக வீட்டுக்கும் இந்த விதி பொருந்தும். இடித்துக் கட்ட முடிவு செய்யுமுன், வாசகசாலையாகவோ பெண்களுக்கான தையல் வகுப்பாகவோ அதைப் பயன்படுத்த இயலுமா என்று ஒருமுறை கலந்து பேசுவது நல்லது.

நீங்கள் செய்யத்தக்கது

கட்டிடம் நிற்காத இடங்களிலும் அதன் வரலாறு நிற்கலாம். எழுதி வைத்தால் மட்டுமே அது இயலும். கடலூரிலும் சிதம்பரத்திலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்தவர்கள் இன்று முதியவர்கள். முதல் கொட்டகை எந்தத் திடலில் இருந்தது, பெண்களுக்குத் தனியிடம் எப்படித் தடுக்கப்பட்டிருந்தது, கட்டணம் எவ்வளவு, பின்னர் அந்த இடம் என்னவாயிற்று என்று உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் கேளுங்கள். பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். நினைவு பிழைபடக்கூடும், ஆதலால் இருவர் மூவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி திரையரங்கு உரிமம் மாவட்ட நிர்வாகத்தின் வழியே வந்தது. மனைகளின் கிரயப் பத்திரங்கள் பதிவு அலுவலகத்தில் உள்ளன. நினைவைச் சரிபார்க்க அவை உதவும்.

இதே முறையில் உங்கள் ஊரின் முதல் மதரஸா, முதல் பள்ளிக்கூடம், முதல் மருத்துவமனை ஆகியவற்றின் வரலாற்றையும் தொகுக்கலாம். அடுத்த முறை சென்னை அண்ணா சாலை வழியே செல்லும்போது, பிள்ளைகளுக்கு அந்த அஞ்சலக வளாகத்தைச் சுட்டிக்காட்டுங்கள். வீடு திரும்பியதும் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, இன்ஷா அல்லாஹ், உங்கள் ஊரின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.