முதுகுவலியும் முறையான வைத்தியமும்

எல்ல மலைச்சரிவில் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தாங்கி ஏறும் பெண்ணுக்கு முதுகுவலி புதிதன்று. எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, மறுநாளும் மலைக்குச் செல்வதே வழக்கம். வேலைக்குப் போகாவிடின் அன்றைய பேர் இல்லை. ஆகவே வைத்தியரைக் காணும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. ஆயினும், எல்லா முதுகுவலியும் ஒரே தன்மையதன்று.

முதுகெலும்பு தனி எலும்பன்று. சிறு எலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய தூண். அவற்றிடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. உள்ளே முண்ணாண் செல்கிறது. பாரம் சுமந்ததால் உண்டாகும் தசைவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். அப்போது படுத்தே கிடப்பதினும் இயன்றவரை நடமாடுவதே நன்று. தட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்தினாலோ, வலி இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும். காசநோயும் முதுகெலும்பைப் பற்றுவதுண்டு. அதனாற் கூன் விழுந்து கால்கள் செயலிழக்கும் நிலையை 1779ஆம் ஆண்டில் பேர்சிவல் பொட் என்ற ஆங்கில அறுவை வைத்தியர் விவரித்தார். அவர் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று உள. காலந்தாழ்த்தாது கண்டறிவதே வேண்டுவது.

நேயர்கள் மனத்திற் கொள்ளத்தக்க அறிகுறிகள் சில உண்டு. கால் வலுவிழத்தல், தொடையின் உட்புறமும் மலவாயிலைச் சுற்றிலும் மரத்துப்போதல், சிறுநீர் தடைப்படுதல் அல்லது அறியாது வெளியேறுதல் ஆகியன தோன்றின் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், உடல் மெலிவு, இரவிலும் தணியாத வலி, வழுக்கி விழுந்தபின் வரும் கடும்வலி ஆகியவற்றையும் பொறுத்திருத்தல் தகாது. இந்நிலைகளில் முதுகை அழுத்தி உருவிவிடுதல் தீங்காகவும் முடியலாம்.

தோட்ட மருந்துச்சாலையில் வலி மாத்திரை பெறுவதோடு நின்றுவிடாமல், பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டுப் பெறலாம். எல்லவிலிருந்து பதுளைக்குப் பேருந்தும் புகையிரதமும் உண்டு. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. எக்ஸ்கதிர்ப் படம் எலும்பைக் காட்டும். தட்டையும் நரம்பையும் தெளிவாய்க் காண எம்.ஆர்.ஐ. படம் உதவும். எது தேவை என்பதை வைத்தியரே முடிவு செய்வார். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எதனாற் கூடுகிறது என்பவற்றை அவரிடம் தெளிவாகச் சொல்வதும், பழைய படங்களையும் உண்ணும் மாத்திரைகளையும் உடன் கொண்டுசெல்வதும் நோயாளியின் கடமை.

ஒருநாட் பேரை இழப்பது வருத்தமே. ஆனால், அந்த ஒருநாளைக் காப்பாற்றப்போய் நடக்கும் கால்களையே இழப்பது அதனினும் பெரிய இழப்பன்றோ?